மன்னிப்புக் கேட்ட மன்னன்

வெற்றி பெற்ற அரசருக்கு வரலாற்று நூலில் ஓர் அத்தியாயம் கிடைக்கும். தோல்வியுற்றவருக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. மாணவப் பருவத்தில் நான் படித்த நூலில் பிராங்கிய மன்னன் லூயிக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான்: பேரரசன் ஷார்லமேனின் மகன், தந்தை தேடிய அரசைக் காக்கமாட்டாத பலவீனன். அந்த ஒரு வரியை இன்று சற்று விரித்துப் பார்க்கலாம்.

லூயி 778-இல் பிறந்தான். மூன்று வயதிலேயே அக்விடேன் நாட்டுக்கு அரசனாக்கப்பட்டான். தமையன்மார் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டதால், 814-இல் பேரரசு அவன் கைக்கு வந்தது. சமயப்பற்று மிகுந்தவன், ஆதலால் 'பக்திமான் லூயி' என்று பெயர் பெற்றான்.

தந்தை இறந்தால், நிலபுலன்களைப் போல நாட்டையும் மைந்தர் பங்கிட்டுக்கொள்வது பிராங்கியர் வழக்கம். பேரரசு சிதறக் கூடாதென்று கருதிய லூயி, 817-இல் ஒரு சட்டம் வகுத்தான். மூத்த மகன் லோதர் இணைப் பேரரசன். இளையவர்களான பெப்பினும் லூயியும் அவனுக்கு அடங்கிய அரசர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இத்தாலியை ஆண்டுவந்த தமையன் மகன் பெர்னார்டின் பெயர் அதில் இடம்பெறவில்லை. அவன் கலகம் செய்தான். பின்னர் வந்து அடிபணிந்தான். அவனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைக் குறைத்து, கண்களைப் பறிக்குமாறு லூயி ஆணையிட்டான். அக்கொடுமையைத் தாங்காது 818-இல் பெர்னார்ட் மாண்டான்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 822-இல் அட்டிஞி என்னும் ஊரில், பிரபுக்களும் சமயகுருமாரும் கூடிய சபையில், பேரரசன் தன் குற்றத்தைத் தானே அறிக்கையிட்டுக் கழுவாய் தேடினான். அன்று எந்தப் பகைவன் படையும் வாயிலில் நிற்கவில்லை.

பின்னர் வந்ததே வீழ்ச்சி. இரண்டாம் மனைவி ஜூடித்திடம் 823-இல் சார்ல்ஸ் பிறந்தான். அவனுக்கும் பங்கு கொடுக்க விரும்பிய தந்தை, தான் வகுத்த சட்டத்தைத் தானே மீறினான். மூத்த மைந்தர் மூவரும் வாளெடுத்தனர். 833-இல் அல்சேசில் இரு சேனைகளும் எதிரெதிரே நின்றன. போர் நிகழவில்லை, லூயியின் வீரர்கள் சிறிது சிறிதாக எதிர்ப்பக்கம் போய்விட்டனர். அவ்விடத்துக்குப் 'பொய்மைக் களம்' என்றே பெயராயிற்று. பின்பு சுவாசோன் நகரில் அவனைக் கொண்டு குற்றப் பட்டியலை ஒப்புக்கொள்ளச் செய்து, ஆயுதங்களைக் களைந்து, நோன்பாடை உடுத்தச் செய்தனர்.

மைந்தரிடையே பிணக்கு மூண்டதால் 834-இல் அவன் மீண்டும் அரியணை ஏறினான், 840-இல் இறந்தான். எஞ்சிய மைந்தர் மூவரும் தம்முள் போரிட்டு, 843-இல் வெர்டன் உடன்படிக்கையால் நாட்டை மூன்றாக்கினர். அவற்றுள் மேற்குப் பகுதி பிற்காலத்துப் பிரான்சுக்கும், கிழக்குப் பகுதி ஜெர்மனிக்கும் வித்தாயின.

அட்டிஞியில் தலைகுனிந்ததே லூயியைக் கெடுத்தது என்பர் சிலர். தானே முன்வந்து செய்ததை, பதினோராண்டுக்குப் பின் பகைவர் வற்புறுத்திச் செய்வித்தனர் என்பது உண்மையே. ஆயினும் அவனைக் கெடுத்தது மன்னிப்பு அன்று, தன் சட்டத்தைத் தானே மீறியதே என்பது என் கருத்து. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் ஒரு மனிதனை ஒரு வரியில் தீர்ப்பிடுமுன், அவன் தன்மீது தானே தீர்ப்புக் கூறிய நாளையும் நினைவிற் கொள்ளுங்கள்.