தேங்காய் குறைந்தால் நேர்த்திக்கடன் குறையுமா?



தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை. பினாங்கு ஸ்திரீட்டில் நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. 1894ஆம் ஆண்டிலிருந்து வரும் ரதம் அது. அருகிலுள்ள குவின் ஸ்திரீட்டில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து 2017 முதல் தங்க ரதமும் புறப்படுகிறது. இரண்டும் போய்ச் சேர வேண்டியது தண்ணீர்மலை அடிவாரம். காலை வீசி நடந்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ரதம் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்து இரவாகிவிடுகிறது. ஏன்? வழி நெடுக அர்ச்சனைத் தட்டுகள் காத்திருக்கின்றன. அர்ச்சனைத் தட்டைவிட அதிகமாகக் காத்திருப்பவை தேங்காய்கள்.

சாலை ஓரத்தில் மலைபோல் குவிந்திருக்கும் அந்தத் தேங்காய்களைப் பார்க்காதவர் பினாங்கில் இருக்க முடியாது. தமிழர்கள் மட்டுமா உடைக்கிறார்கள்? டத்தோ கிராமட் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். சீனக் குடும்பங்கள், வியாபாரிகள், தாத்தா முதல் பேரன் வரை வரிசையாக நின்று உடைக்கிறார்கள். வியாபாரம் செழித்ததற்கு, நோய் தீர்ந்ததற்கு, பிள்ளை பிறந்ததற்கு என்று முருகனுக்கு நன்றி சொல்கிறார்கள். இப்படி ஒரு காட்சி உலகத்தில் வேறு எந்த ஊரில் உண்டு? இதை யாரும் குறைத்துப் பேசிவிடக் கூடாது. தேங்காய் உடைப்பதையே தடை செய்ய வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாத பேச்சு. கேள்வி உடைக்கலாமா கூடாதா என்பது அல்ல. எத்தனை, எங்கே, உடைத்த பிறகு என்ன? இந்த மூன்றும்தான் கேள்வி.

தமிழில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சூறைத் தேங்காய். சிதறுகாய் என்றும் சொல்வார்கள், விடலை என்றும் சொல்வார்கள். சூறை என்றால் என்ன? கொள்ளையிடுவது, அள்ளிக்கொண்டு போவது. பிள்ளையார் கோவில் வாசலில் ஒருவர் தேங்காயை ஓங்கி அடித்தால், அது தரையில் விழுவதற்குள் சிறுவர்கள் பாய்ந்து பொறுக்குவார்கள். பசித்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆணவம் உடைகிறது என்று தத்துவம் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். உடைத்த காய் ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போனது. பெயரே அதைத்தான் சொல்கிறது.

இன்று தார்ச்சாலையில் உடைகிற தேங்காயை யார் சூறையாடுகிறார்கள்? வண்டி எண்ணெய், புழுதி, ஆயிரம் பேரின் காலடி எல்லாம் பட்ட அந்தப் பருப்பை எந்தத் தாய் தன் பிள்ளைக்குக் கொடுப்பாள்? மண்வாரி இயந்திரம் வருகிறது, அள்ளுகிறது, லாரியில் கொட்டுகிறது. அவ்வளவுதான். இங்கே பெயர் மட்டும் மிச்சம். சூறை இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போமா? நன்றாகக் காய்க்கும் ஒரு தென்னை மரம் ஆண்டுக்கு 50 முதல் 80 காய் வரை தரும். பூ பூத்துப் பிஞ்சாகி முற்றிய காயாக வருவதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிறது. 108 காய் உடைப்பவர் இரண்டு மரத்தின் ஓராண்டு உழைப்பை இரண்டு நிமிடத்தில் உடைக்கிறார். 1008 என்றால்? பதினைந்து, இருபது மரம். ஒரு சிறு தோட்டம்! இந்த நாட்டில் பகான் டத்தோ போன்ற இடங்களில் தென்னை இருந்தாலும், விளைவது போதாமல் இந்தோனேசியாவிலிருந்து தேங்காய் இறக்குமதியாகிறது. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் முற்றிய தேங்காய்க்கு எவ்வளவு தட்டுப்பாடு வந்தது என்பது இல்லத்தரசிகளுக்கு நன்றாகத் தெரியும். கறிக்குப் பால் பிழியக் காய் கிடைக்காமல் சந்தையில் விலை ஏறி நின்ற வேளையில்தான் 2025 பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசமும் வந்தது.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அறிக்கை விடும். சிலர் கேட்டார்கள், பலர் சிரித்தார்கள். சமயத்தில் தலையிட இவர்கள் யார் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. கோபப்படுவதற்கு முன் காலைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆம், கால்! ரதத்தின் பின்னால் நடப்பவர்கள் யார்? செருப்பில்லாத மக்கள். பால்குடம் ஏந்திய பெண்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்ட தகப்பன்கள், வயதான பாட்டிமார்கள். வெள்ளி ரதத்தை இழுக்கிற காளைகளும் அதே சாலையில்தான் கால் வைக்கின்றன. இயந்திரம் எவ்வளவு அள்ளினாலும் ஓட்டுச் சில்லு முழுவதும் போகாது. உடைந்த சிரட்டையின் ஓரம் கத்தி மாதிரி. சிந்திய இளநீரில் தார்ச்சாலை வழுக்கும்.

மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இனிப்பு நீர் நோய் முற்றியவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போகும். சில்லு குத்தினால் தெரியாது. வலித்தால்தானே குனிந்து பார்ப்பார்? வீட்டுக்குப் போய்ப் படுத்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதம் வீங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போவார். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்க, காலை எடுக்க நேருவது அதிசயமான கதை அல்ல. ஒருவர் நேர்த்திக்கடன் தீர்த்த இடத்தில் இன்னொருவர் காலை இழப்பது முருகனுக்கு உகந்ததா?

அதனால் நீரிழிவு உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரைக் கேளுங்கள். தடிமனான காலுறை அணிந்து நடப்பதால் சாமி கோபித்துக்கொள்ளாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கு வரை வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். 2012இல் திறந்த மலைக்கோவிலுக்கு 513 படி. இதய நோய் உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிடலாம். மேலே இருப்பவனுக்குக் கீழே நிற்பவரையும் தெரியும்.

தப்பிக் கிடக்கும் சிரட்டைகளுக்கு இன்னொரு விளைவு உண்டு. சாக்கடை ஓரத்திலும் புல்வெளியிலும் கவிழாமல் கிடக்கும் சிரட்டையில் ஒரு மழை போதும், தண்ணீர் நிற்கும். ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசு பறக்கும். டிங்கிக் காய்ச்சல் பக்தர், பக்தர் அல்லாதவர் என்று பார்த்தா வரும்?

சரி, வேண்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில், 108 தேங்காய் உடைக்கிறேன் முருகா என்று ஒரு தாய் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவளிடம் போய்க் கணக்குப் பாடம் நடத்தக் கூடாது. அவள் வாக்குத் தவற மாட்டாள், தவறவும் வேண்டாம். ஆனால் 108 காயையும் தார்ச்சாலையில்தான் உடைக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லையே! எட்டுக் காயை உடைத்து, நூறு காயைச் சாமி முன் வைத்துப் பூசை செய்து, அன்னதானக் கூடத்துக்குக் கொடுத்தால் எண்ணிக்கையும் குறையவில்லை, வாக்கும் தவறவில்லை. இதை அவளுக்கு யார் சொல்வது? வெளியார் சொன்னால் எடுபடாது. குருக்களும் ஆலயத் தலைவர்களும் சொல்ல வேண்டும். சீன அன்பர்களுக்குச் சீன மொழியிலேயே, மரியாதையாக, ஒரு மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். முதல் நாள் மாலை ஒரு பதாகை கட்டிவிட்டால் போதுமா?

உடைக்கிற காயையும் இப்படித் தரையில் கொட்டத் தேவையில்லை. சாலையின் ஒரு பக்கத்தை அடைத்து, கெட்டியான தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கல் தொட்டி வைத்து, கழுவிய காயை அங்கே உடைக்கலாம். பருப்பு வீணாகாது, சில்லு நடப்பவர் காலுக்கு வராது. கொஞ்சம் செலவு, கொஞ்சம் தொண்டர்கள். தண்ணீர்ப் பந்தலில் ஒலிபெருக்கிக்குச் செலவாகும் பணத்தில் பாதி இதற்குப் போதும்.

தண்ணீர்ப் பந்தல் என்றதும் ஒரு வார்த்தை. நெகிழிப் பையைக் குறைப்பதில் 2009இல் வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கி, 2011இல் எல்லா நாளும் என்று முன்னால் நின்ற மாநிலம் பினாங்கு. தைப்பூசத்தன்று மட்டும் அது மறந்துவிடுகிறது. இரண்டு வாய் குடித்துவிட்டு வீசுகிற போத்தல் எத்தனை! வீட்டிலிருந்து ஒரு குவளை கொண்டு போனால், பந்தலில் அண்டாவிலிருந்து மோர் ஊற்றித் தருவது பெரிய வேலையா? நம் தாத்தா காலத்துப் பந்தல் அப்படித்தான் இருந்தது.

பழனிக்கு இரவில் பாதயாத்திரை போகிறவர்களின் பையிலும் தடியிலும் ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புவது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும். இங்கேயும் இரவில் ரதத்தோடு நடப்பவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இதைச் செய்யலாம். சில காசு வேலை.

அன்னதானத்துக்குத் தேங்காய் கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூசத்தன்று மதியம் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார். அதற்குள் குழம்பு கொதித்திருக்கும். இரண்டு நாள் முன்பே கேட்டு, எத்தனை வேண்டும் என்று தெரிந்துகொண்டு, மட்டை உரித்துக் கொடுங்கள்.