பசியாறும் வேளை

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று சட்டத்தைப் பற்றியோ, புதிய திட்டத்தைப் பற்றியோ நாம் பேசப் போவதில்லை. நாள்தோறும் நிகழ்வது, நாள்தோறும் நிகழ்வதனாலேயே நம் கவனத்திற்கு வாராதது, அத்தகைய ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். அதுவே பசியாறுதல்.

காலை உணவுக்கு இந்நாட்டுத் தமிழர் வழங்கும் பெயர் பசியாறுதல் என்பதாகும். 'பசியாறியாயிற்றா?' என்று கேட்பது நம்மிடையே வணக்கம் கூறுவதற்கு ஒப்பானது. மலாய் அண்டை வீட்டார் நம்மைக் கண்டால் 'சுடா மாக்கான்?' என்கின்றனர். ஹொக்கியன் பேசும் சீன முதியவரும் வயிறார உண்டாயிற்றா என்றே வினவுவார். மொழி மூன்று; கேள்வி ஒன்று. பிறர் பசியை முதலில் எண்ணும் பண்பு இந்த மண்ணில் எல்லாரிடமும் வேரூன்றி இருக்கின்றது.

தோட்டத்தில் இந்தப் பசியாறும் வேளையை நிர்ணயித்தவர் யார்? துரையா, கிராணியா, மண்டோரா? இல்லை, அன்பர்களே. அதை நிர்ணயித்தது பால்மரமேயாகும்.

இரவு முழுவதும் மரத்தின் இலைகளிலிருந்து நீர் ஆவியாவது மிகக் குறைவு. ஆகவே பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்து நிற்கும். கதிரவன் ஏற ஏற, இலைகள் நீரை வெளிவிட, அவ்வழுத்தம் தளரும். இக்காரணத்தாலேயே விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு நம்மவர் நிரைக்குச் சென்றனர். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த கனமே பட்டையைச் சீவ வேண்டும். உளி மிக ஆழ்ந்து இறங்கினால் மரம் காயமுறும். அந்தக் கைத்திறனை எந்தப் பள்ளியும் கற்பித்ததில்லை. தாயும் தந்தையும் கற்பித்தனர்.

வெட்டு முடிந்ததும் பால் சொட்டுச் சொட்டாக மங்கில் விழும். சில மணி நேரத்தில் வெட்டுவாய் தானே அடைபட்டு ஒழுக்கு நிற்கும். அதுவரை பாலைச் சேர்க்க இயலாது. வெட்டுக்கும் பால் எடுப்புக்கும் இடையே மரம் நமக்கு அளித்த அந்த ஓய்வே பசியாறும் வேளை. நிழலில் அமர்ந்து, தூக்குச் சட்டியைத் திறந்து, ஒருவர் கொணர்ந்த கருவாட்டுக் குழம்பை மற்றவர் கொணர்ந்த துவையலோடு மாற்றிக் கொண்டு உண்ட வேளை அது. மகள் திருமணம், மகன் படிப்பு, மனத்தாங்கல், சமாதானம் யாவும் அங்கேதான் பேசப்பட்டன. குறை ஒன்றைச் சங்கத் தலைவரிடம் எடுத்துச் செல்வதா வேண்டாமா என்பதும் அங்கேதான் முடிவாயிற்று.

இன்று நிலைமை மாறி வருகின்றது. மருந்து பூசிச் சில நாள்களுக்கு ஒருமுறை வெட்டுவதும், பாலை மங்கிலேயே உறைய விட்டுக் கட்டிப்பாலாகப் பின்னொரு நாள் சேகரிப்பதும் பல இடங்களில் வழக்கமாகி விட்டன. ஆள் பற்றாக்குறை உள்ள காலத்தில் இம்முறைகளுக்குத் தக்க காரணம் உண்டு. அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் பால் ஒழுகி முடியக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியதும், சேர்ந்து உண்ணும் வேளையும் ஓசையின்றி நீங்கி விட்டது. வெட்டு முடிந்தவுடன் அவரவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அவரவர் வீடு செல்கின்றனர். கையில் கைப்பேசி; எதிரே தட்டு; பக்கத்தில் ஒருவரும் இல்லை. முன்பு மரம் நமக்காக அந்த வேளையை ஒதுக்கித் தந்தது. இனி நாமே அதை ஒதுக்கிக் கொள்ள வேண்டும். நமது உரையின் சாரம் இதுதான்.

பால்மரத்தை நாம் வருவாய் தரும் பொருளாகவே பார்த்துப் பழகி விட்டோம். அதுவும் நம்மைப் போன்று ஒரு பயணிதான். அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. 1877 ஆம் ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று அவ்வூரில் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றது. கடல் கடந்து வந்து, அந்நிய மண்ணில் வேர் விட்டு, அந்நாட்டிற்கே செல்வமாக நின்ற வரலாறு மரத்திற்கும் உண்டு. நம் முன்னோருக்கும் உண்டு.

அம்மரம் ஆண்டுதோறும் காட்டும் அழகை நம் பிள்ளைகள் காண்கின்றனரா? மேற்குக் கரை மாநிலங்களில் பிப்ரவரி வாக்கில் இலைகள் செம்மையும் பொன்னிறமும் கொண்டு உதிர்கின்றன. குளிர்நாடு சென்று இலையுதிர் காலம் காணப் பெரும் பொருள் செலவிடுவோர் உளர். அக்காட்சி நம் வாசலிலேயே உண்டு. சில வாரங்களில் செம்பு நிறத் தளிர். பின் மணமுள்ள சிறு பூ. சில மாதங்கள் சென்றபின் காய் முற்றிப் 'படார்' என வெடித்து விதைகளைத் தொலைவில் எறியும். ஒரு காயில் மூன்று விதைகள். ஒவ்வொரு விதையின் ஓட்டிலும் புள்ளியும் கோடுமாகக் கோலம். அவ்விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவர் கையில் வைத்து அலற விட்டு விளையாடாத தோட்டத்துப் பிள்ளை முன்பு இல்லை. பச்சை விதையில் நஞ்சு உண்டு, வாயில் இடலாகாது என்பதையும் அப்பிள்ளைகள் விளையாட்டினூடே அறிந்திருந்தனர். இயற்கையைப் பற்றிய பாடம் புத்தகத்தில் தொடங்கும் முன்பே அவர்களுக்குக் காலடியில் தொடங்கி விட்டது.

இலை உதிர்ந்து மீண்டும் துளிர்க்கும் காலத்தில் பால் குறையும். அதை ஒட்டியே தைப்பூசமும் வரும். ஆகவே பயணத்திற்கு உரிய காலமாகவும் அது விளங்கிற்று. பத்துமலைக்கும் பினாங்கிற்கும் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். பயணம் என்றால் கட்டுச்சோறு. கட்டுச்சோறு என்றால் புளிச்சோறு. வாழையிலையை அனலில் வாட்டி, அதில் சோற்றை வைத்து, மேலே துவையலை வைத்துக் கட்டினால் மறுநாள் வரை கெடாது.

நம் சிறுவயதில் தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த்திற்கு இரயிலில் சென்ற நினைவு ஒன்று உண்டு. புக்கிட் மேரா ஏரியின் குறுக்கே வண்டி செல்கையில் இருபுறமும் நீர். வண்டி நீரின் மேலே மிதப்பது போன்ற தோற்றம். கிரியான் வட்டாரத்து நெல்வயல்களுக்குப் பாசனம் அளிக்க 1906 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஏரி அது. ஏரி முடிந்ததும் பாகான் செராய், பாரிட் புந்தார் என்று கண்ணுக்கு எட்டிய வரை வயல். பால்மரத்தின் நிழலிலேயே வளர்ந்த கண்களுக்கு அத்தனை பெரிய வானம் வியப்பாக இருந்தது.

எதிர் இருக்கையில் ஒரு மலாய் மூதாட்டி அமர்ந்திருந்தார். நம் தாயார் இலைப் பொட்டலத்தை அவிழ்த்ததும் புளியும் நல்லெண்ணெயும் மணந்தன. தாயார் முதலில் அவரைப் பார்த்து, இறைச்சி ஏதும் இதில் இல்லை, சோறும் புளியும் மட்டுமே என்று தமக்குத் தெரிந்த மலாயில் கூறி, ஒரு பங்கை நீட்டினார். மூதாட்டி உண்டார். பின்னர்த் தம் பையிலிருந்து வாழையிலையில் பொதிந்த நாசி லெமாக்கை எடுத்து நம் கையில் வைத்தார். இருவருக்கும் பொதுவான சொற்கள் மிகச் சிலவே. ஆயினும் பட்டர்வொர்த் வரை அவர்கள் பேச்சு நிற்கவில்லை. இன்று அதே ஏரியை மின்சார இரயில் சில நிமிடங்களில் கடந்து விடுகின்றது. வேகம் நன்மையே. எதிரே இருப்பவரை ஏறிட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவ்வேகத்தில் தவறி விழாதிருக்க வேண்டும்.

பயணம் யாவும் இனியது என்று நாம் கூறவில்லை. 1926 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே மக்களைச் சுமந்தது. அதன் தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்தோர் பட்ட பாடு சிறிதன்று. அதினும் கொடிய பயணம் ஒன்று உண்டு. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம், பர்மா இடையே 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை அமைக்க நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு சென்றனர். சிலர் கூலிக்கு அழைக்கப்படுவதாக எண்ணிச் சென்றனர். பலர் வலிந்து பிடித்துச் செல்லப்பட்டனர். காலராவும் பட்டினியும் வாட்ட, மீளாதோர் எண்ணற்றோர். இங்கு எஞ்சி நின்றோரை அரிசி இல்லாத அந்நாள்களில் காத்தது மரவள்ளிக்கிழங்கு. இன்றும் சில இல்லங்களில் முதியோர் மரவள்ளியைத் தொட மறுப்பர். வேறு சிலர் அதனைக் கண்களில் ஒற்றிக் கொண்டு உண்பர். இரண்டிற்கும் காரணம் ஒன்றே.

ஆகவே, இளைஞர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் ஒன்று கேளுங்கள். 'அக்காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?' என்று கேட்டால், 'கஷ்டந்தான்' என்று ஒரே சொல்லில் முடித்து விடுவர். 'அப்போது என்ன சாப்பிட்டீர்கள், தாத்தா? யாரோடு சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். கதை தானே வரும். கப்பலும் வரும், சயாமும் வரும், நீங்கள் பெயர் கூடக் கேட்டிராத உறவினரும் வருவர். உங்கள் கைப்பேசி அதற்கு உதவட்டும். அவர்தம் குரலைப் பதிவு செய்து வையுங்கள். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் இடம் தந்து விட்டன. இடம் போன பின்னர் நினைவு ஒன்றே அதற்குச் சாட்சி.

இனி, நம் பக்கத்து நிரையை நோக்குவோம். இன்று அங்கே உளி பிடிப்பவர் இந்தோனேசியராகவோ, வங்காளதேசத்தவராகவோ, நேப்பாளியராகவோ இருக்கலாம். தாயைப் பிரிந்து, கடன் வாங்கி, மொழி அறியா நாட்டிற்கு அவர் வந்திருக்கின்றார். நம் பாட்டனார் வந்த நாளில் எந்நிலையில் இருந்தாரோ, அந்நிலையே அவர் நிலை. மாலையில் அவர் தனியே உலை வைத்துத் தனியே உண்கின்றார். 'பசியாறியாயிற்றா?' என்று அவரை யார் கேட்கின்றனர்? நாம் கேட்கவில்லையெனில், அச்சொல்லை நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றதில் பொருள் என்ன?

வாரத்தில் ஒரு நாள், வெட்டு முடிந்தபின், ஒரு மர நிழலில் அரை மணி நேரம் சேர்ந்து அமரலாம். எல்லாரும் உண்ணத்தக்கதைக் கொண்டு வருவது நலம். அவித்த மரவள்ளி, வேர்க்கடலை, வாழைப்பழம், தேநீர் ஆகியவற்றில் எச்சமயத்தாருக்கும் தடையில்லை. அவியாத மரவள்ளியிலும் நஞ்சு உண்டாதலின் தோலை நீக்கி நன்றாக வேக வைக்க வேண்டும் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் கூறத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு நீங்கள் கூறுங்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பால் ஏன் விடியலில் மிகுந்து வருகின்றது என்பதை அவர்களுக்கு விளக்க உங்களை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

உண்ட இடத்தைத் தூய்மையாக விட்டுச் செல்வதும் நம் கடமை. முன்பு எறிந்த வாழையிலை மண்ணோடு மண்ணாயிற்று. இன்று எறியும் நெகிழிப் பையும் உணவுப் பெட்டியும் மக்குவதில்லை. மழைநீரைத் தேக்கி ஏடிஸ் கொசுவை வளர்க்கின்றன. சேர்ந்து உண்ட மகிழ்ச்சி டிங்கிக் காய்ச்சலாக வீடு வந்து சேரலாகாது.

பெருமக்களே, சம்பளத்திற்கும் வீட்டிற்கும் நாம் போராடி வந்தோம். இனியும் உரியதைக் கேட்போம். ஆனால் ஒன்றாய்க் கேட்பதற்கு ஒன்றாய் அமர்ந்த பழக்கம் வேண்டும். ஒருவர் முகத்தை மற்றவர் அறியாத இடத்தில் சங்கமும் இல்லை, சமூகமும் இல்லை. பகிர்ந்து உண்ணும் ஒரு பிடி சோறு அப்பழக்கத்தின் தொடக்கமாக அமைகின்றது.

இவ்வுரை முடிந்ததும் பின்புறக் கொட்டகையில் சிற்றுண்டி வைக்கப்பட்டிருப்பதாக ஏற்பாட்டாளர் அறிவித்துள்ளனர். ஒவ்வொருவரும் இதுவரை பேசிப் பழகாத ஒருவர் அருகே சென்று அமருமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.