எடையை யார் போடுவது?



பல அளவுகோல் முடிவெடுப்பு முறைகளைப் பற்றிய கருத்தரங்கைக் கோவில்பட்டியில் கூட்டியது பொருத்தம். இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்யும். அது இறங்குமுன், புரட்டாசியிலேயே புழுதியில் விதைத்தாக வேண்டும். உளுந்தா, பாசியா, பருத்தியா, மக்காச்சோளமா, சோளமா, கம்பா, குதிரைவாலியா, மல்லியா? எட்டுப் பயிர். விலை, மழை பொய்த்தால் தாங்குவது, களையெடுக்க ஆள் கிடைப்பது, விதைச் செலவு, மாட்டுக்குத் தட்டை, பூச்சி, பன்றித் தொல்லை என்று ஏழு கணக்கு. கரிசல் சம்சாரி இதை வருஷா வருஷம் போட்டுத்தான் விதைக்கிறார்.

இதையே நம் துறைக்காரர் எப்படிச் செய்வார்? மோசூலில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய தாமஸ் ஸாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறையை எடுத்துக்கொள்வோம். இரண்டிரண்டாக வைத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை மதிப்பிட வேண்டும். ஏழு அளவுகோலுக்கு 21 ஒப்பீடு. ஒவ்வோர் அளவுகோலிலும் எட்டுப் பயிருக்கு 28 ஒப்பீடு. மொத்தம் 217 கேள்வி. சம்சாரி இருபதாவது கேள்வியிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். பதில்கள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஸாட்டி ஒரு சோதனையும் வைத்தார். முரண்பாட்டு விகிதம் 0.10க்குள் இருந்தால் ஏற்கலாம். ஆனால் பிடிவாதமாக ஒரே தவறைச் செய்பவரும் அந்தச் சோதனையில் தேறிவிடுவார். கட்டுரைகளில் இந்த விகிதத்தைக் காட்டிவிட்டு வேலை முடிந்ததென்று நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கரும்பலகையில் போடக்கூடிய ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். எண்கள் என் கற்பனை, விளக்கத்துக்காக மட்டும். இலாபம், வறட்சி தாங்குவது, தட்டை ஆகிய மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவோம். மக்காச்சோளம் 9, 3, 5. உளுந்து 7, 6, 3. சோளம் 4, 8, 9.

கடன் கொடுப்பவர் எடை போடுகிறார். இலாபத்துக்கு நூற்றுக்கு 60, வறட்சிக்கு 30, தட்டைக்கு 10. மக்காச்சோளம் 6.8, உளுந்து 6.3, சோளம் 5.7. மக்காச்சோளம் முதலிடம். அடுத்து, தொழுவத்தில் நாலு உருப்படி கட்டியிருக்கும் வீட்டுக்காரி போடுகிறாள். அவளுக்கு 40, 30, 30. இப்போது சோளம் 6.7, மக்காச்சோளம் 6.0, உளுந்து 5.5. கடைசியில் இருந்த சோளம் மேலே ஏறிவிட்டது. மூன்றாவதாக ஒரு பெரியவர் வந்து, "வறட்சியில் ஐந்துக்குக் கீழே வாங்குகிற பயிர் எனக்கு வேண்டவே வேண்டாம், பிறகு கடன்காரர் கணக்கையே வைத்துக்கொள்" என்கிறார். மக்காச்சோளம் பந்தியிலேயே உட்கார முடியாது. உளுந்து முதலிடத்துக்கு வருகிறது.

மதிப்பெண் ஒன்றைக்கூட நாம் தொடவில்லை. மூன்று பயிரும் முதலிடம் வாங்கிவிட்டன. மென்பொருள் மூன்றையும் இரண்டு தசமத் துல்லியத்தோடு அச்சடித்துக் கொடுக்கும்.

மூன்றாமவர் செய்தது வேறு வகை வேலை. கூட்டல் முறையில் ஒன்றின் குறையை இன்னொன்றின் மிகுதி ஈடுகட்டிவிடும். ஹ்வாங்கும் யூனும் 1981இல் தந்த டாப்சிஸ் முறையும் அப்படித்தான்; உன்னத நிலைக்கு எது அருகில் என்று தூரம் பார்க்கும்போது ஒரு குறை மற்ற நிறைகளில் கரைந்துவிடும். பிரான்சில் பெர்னார் ருவா 1960களில் தொடங்கிய எலெக்ட்ர் குடும்பத்து முறைகளில் தடை வரம்பு வைக்க வழியுண்டு. மானாவாரிக் காட்டில் நான் அந்தப் பக்கம்தான் நிற்பேன். நல்ல வருஷத்து இலாபம் கெட்ட வருஷத்தை ஈடுகட்டும் என்பது, கெட்ட வருஷத்தைத் தாண்டி உயிரோடும் நிலத்தோடும் இருப்பவருக்குத்தான் பொருந்தும்.

நம் நாட்டில் இந்தப் பாகுபாடு கல்லிலேயே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (921) வாரிய உறுப்பினருக்குத் தகுதி வகுக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது. வேதமும் உரையும் கற்றவராயின் நிலம் அரைக்கால் வேலி போதும். இது ஈடுகட்டும் விதி. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கோ எந்தப் படிப்பும் உதவாது, உறவினருக்கும் இடமில்லை. இது தடை. தேறியவர்களிடையே தரவரிசை போடாமல் குடவோலைக்கு விட்டார்கள் என்பதை நம் துறை இன்னும் ஊன்றிப் படிக்க வேண்டும். கூடவே ஒன்று: அது பிராமணர் சபையின் விதி. அளவுகோலை எழுதும் இடத்தில் பெண்களும் மற்றவர்களும் உட்காரவில்லை, பட்டியலிலும் வரவில்லை.

பட்டியலும் நிலையானதல்ல. 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட படைப்புழு அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்துவிட்டது. அதற்கு முன் எந்த அட்டவணையிலும் அதற்கு ஒரு பத்தி கிடையாது. ஆள் தட்டுப்பாட்டுக்கு நல்ல விடை என்று மக்காச்சோளத்துக்கு மாறியவர்களும் மருந்துத் தெளிப்பானும் கையுமாக நிற்க வேண்டியதாயிற்று.

பட்டியலில் எதைச் சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். இங்கே 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே 12 சோளம், தானியத்துக்கும் தட்டைக்கும் சேர்த்தே பரிந்துரைக்கப்படும் ரகம். விளைச்சலை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தட்டைக்கு மதிப்பெண் கிடைத்திருக்காது.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தரவரிசையைக் கடைசியில் காட்டுங்கள். முதல் படத்தில் எடைகளைப் போடுங்கள். அவற்றை யாரிடம் கேட்டீர்கள், அவருக்குக் காடு எவ்வளவு, மாடு உண்டா என்பதையும் சொல்லுங்கள். எடையை எவ்வளவு நகர்த்தினால் முதலிடம் கவிழும் என்பதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். பிற்பகல் அமர்வுக்குச் சுற்றுவட்டாரச் சம்சாரிகள் வருகிறார்கள். பலகையில் எடைப் பத்தியைக் காலியாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை அவர்கள் நிரப்பிய பிறகுதான் கணிப்பொறியைத் திறக்க வேண்டும்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.