கன்றின் பங்கும் தாவரப் பாலும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ச் சமண இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு வினா எழுகின்றது. புலால், முட்டை, தேன், கள் ஆகியவற்றை விலக்கி, கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் குடும்பத்தில் பால் மட்டும் ஆராயப்படாமல் நிற்பது தகுமோ என இளையோர் கேட்கின்றனர். துறவோரே பாலை ஏற்றனரே என முதியோர் விடை பகர்கின்றனர். இரு சாராரும் கொல்லாமையின் பெயராலேயே பேசுகின்றனர். ஆகவே இதனைச் சினமின்றி ஆராய்வது நன்று.

முன்னோர் பாலை ஏற்றது உண்மை. அதனைக் கறந்த இரண்டு நாழிகைக்குள் வடிகட்டிக் காய்ச்சுக என்று விதித்ததும் உண்மை. ஆயின் அந்த ஏற்பு ஒரு வாழ்க்கை முறையின்மேல் நின்றது. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளின் தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவர். அவர்தம் தொழுவத்தில் பிறந்த கிடேரிக்கன்று பின்னாளில் கறவையாயிற்று. காளைக்கன்று ஏருக்கும் வண்டிக்கும் கவலைக்கும் உரியதாயிற்று. கறவை வற்றிய பசுவின் சாணமும் நிலத்துக்கு உரமாயிற்று. கன்று குடித்த பின்னரே கறப்பது நல்ல வீட்டின் வழக்கம். பிறந்த உயிர் ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது.

இன்று ஏரின் இடத்தை டிராக்டரும், கவலையின் இடத்தை மின்விசைப் பம்பும் பிடித்துக்கொண்டன. 1970-ஆம் ஆண்டு தொடங்கிய வெண்மைப் புரட்சியால் பால் உற்பத்தி பெருகியது. 1998-ஆம் ஆண்டளவில் இந்நாடு உலகில் முதலிடம் எய்தியது. உழவர் பலருக்கு அது வாழ்வளித்தது என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் பசு பால் தர வேண்டுமாயின் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். ஏருக்கு வேண்டாத அக்கன்றுக்குக் கொடுக்கும் பாலும் தீவனமும் வீண் செலவெனக் கருதப்படுகின்றன. பல இடங்களில் அது பசியால் மெலிந்து மடிகின்றது. அல்லது விற்கப்பட்டுக் கொலைக்களம் சேர்கின்றது. இறந்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துத் தாயின்முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கத்தையும் தமிழகம் அறியும்.

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை ஆகமம் கூறுகின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரம் இவற்றை எண்ணிக் காட்டுகின்றது. ஐந்தாவதாகிய அன்னபான நிரோதம் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. தாய்மடியில் சுரப்பதைக் கன்றுக்குத் தடுப்பது அதனுள் அடங்காதோ என்பதே வினா. வாங்குபவர் தம் கையால் கன்றைக் கட்டவில்லை. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் வினைக்கு வாயிலாகக் கருதுவது சமண நெறி.

பாலைத் துறத்தல் இந்நெறிக்குப் புதியதன்று. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய சுவைகளுள் ஒன்றையோ பலவற்றையோ விடுவது ரசத்தியாகம் எனப் புறத்தவம் ஆறனுள் வைக்கப்பட்டுள்ளது. நோன்பு நாட்களில் முதியோர் செய்யும் தவமே அது. இளையோர் கேட்பது அதன் நீட்சி எனக் கொள்ளலாம்.

இனி, எதனைத் தேர்வது? சோயாப் பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3 கிராம் புரதம் உண்டு. பசும்பாலுக்கு அது நிகர். பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு. தேங்காய்ப் பாலில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு. ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் அது உகந்தது, நாள்தோறும் பாலின் இடத்தில் வைக்கத் தக்கதன்று. நிலக்கடலை மண்ணுள் விளையினும் கிழங்கன்று, விதையே. அதன் பாலும் வீட்டிலேயே எளிதில் அமையும்.

சோயாவை இரவு ஊறவைத்து, முளைகட்டுமுன் காலையில் அரைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, கால் மணி நேரமேனும் கொதிக்க விடுதல் வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உளது. கொதியில்தான் அது அடங்கும். அன்று வடித்ததை அன்றே பகலுக்குள் பயன்படுத்துதல் ஆசாரத்துக்கும் உடலுக்கும் நலம். சூடான காப்பி டிகாக்‌ஷனில் ஊற்றினால் அது திரிவதுண்டு. டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிட்டுக் கலந்தால் பெரும்பாலும் திரியாது.

கடையில் வாங்குவோர் பச்சைப் புள்ளியை மட்டும் நம்பலாகாது. பாலும் வெண்ணெயும் கலந்த பண்டமும் அப்புள்ளியைப் பெறும். விலங்குப் பொருள் அறவே இல்லாத உணவுக்கு 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இலையோடு கூடிய பச்சை ஆங்கில ‘வி’ எழுத்துக் குறி உண்டு. சேர்த்துள்ள சர்க்கரையின் அளவையும் நோக்குக.

உடல்நலத்தைப் பேணாத நோன்பு நிலைக்காது. பசும்பாலில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்து உண்டு. வீட்டில் வடிக்கும் தாவரப் பாலில் அவ்வளவு இராது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் உண்டு. தோலுடன் கூடிய எள்ளில் அதனினும் மிகுதி. கேழ்வரகுக் களியும் எள்ளுருண்டையும் அக்குறையை நிரப்பும். ஆனால் பி12 வைட்டமினைச் செடி கொடிகளிலிருந்து போதிய அளவில் பெற இயலாது. புலாலும் முட்டையும் உண்ணாதவருக்குப் பாலும் தயிருமே அதன் வாயில். அவற்றை முற்றும் விடுவோர் மாத்திரையாகவோ, செறிவூட்டிய உணவாகவோ அதனைப் பெற்றே ஆகவேண்டும். பெறாவிடில் சோகையும் கால் மரத்துப்போதலும் நினைவுத் தளர்ச்சியும் மெல்லத் தோன்றும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் எந்தத் தாவரப் பாலையும் வைத்தல் ஆகாது. வளரும் பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்தே மாறுதல் வேண்டும்.

எல்லாரும் ஒரே நாளில் மாறவேண்டுவதில்லை. அணுவிரதம் என்னும் சொல்லே இயன்ற அளவைக் குறிப்பது. ஒரு குடும்பம் நோன்பு நாட்களில் மட்டும் பாலை விடலாம். மற்றொன்று காப்பியில் தொடங்கலாம். சொந்தப் பசு உள்ள வீடு, கன்று வயிறார உண்ட பின் கறந்து, காளைக்கன்றையும் கறவை வற்றிய பசுவையும் இறுதிவரை காக்குமாயின், அவ்வீட்டாரும் அறத்தின் பக்கமே நிற்கின்றனர். பால் அருந்தும் பாட்டியை இகழ்வதும், மறுக்கும் பேரனை நகைப்பதும் ஒருபோலக் குற்றமே.

ஆதிபகவன் விருஷபதேவர் நெடுநாள் உண்ணாநோன்புக்குப் பின் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கையால் ஏற்ற முதல் உணவு கரும்புச் சாறு. அட்சய திருதியை அந்நாளின் நினைவே. அத்தானத்தால் எந்த உயிரின் பங்கும் குறையவில்லை. ஒவ்வொரு நாளும் அடுப்பில் ஏறும் பாத்திரத்தை நோக்கி, இதில் யாருடைய பங்கு உளது என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது இல்லறத்தார் கைக்கொள்ளத்தக்க நோன்பு.

அறம் வளர்க. எவ்வுயிரும் இன்புற்று வாழ்க.