இம்ப்ரஷனிஸ ஓவியமும் ஏழுமலையின் வெளிச்சமும்

(சித்தூர், திருப்பதி கிளைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் உபன்யாசம் உண்டு, கச்சேரி உண்டு. சித்திரக் கலையைப் பற்றிப் பேச்சு என்பது அபூர்வம். 'இம்ப்ரஷனிஸம்' என்ற பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். அதைப் புரிந்துகொள்ள பாரீஸுக்குப் போக வேண்டியதில்லை. திருப்பதி ஊருக்குள் நின்று மலையை அண்ணாந்து பார்த்தால் போதும்.

ஏழுமலை என்ன நிறம்? விடியற்காலையில் நீலம். உச்சி வெயிலில் வெளிறிப் போகிறது. சாயங்கால வெயில் பாறைச் சரிவில் பட்டால் செம்புப் பாத்திரம் போல ஜொலிக்கிறது. மழை விட்டதும் ஊதா. மலை ஒன்றுதான், கண்ணில் படும் நிறம் வேளைக்கு ஒன்று. இதில் எதை வரைவது? "இந்த நிமிஷம் என் கண்ணில் பட்டதை" என்பதுதான் இம்ப்ரஷனிஸ்டுகள் சொன்ன பதில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரீஸில் 'ஸலோன்' என்ற பெரிய கண்காட்சி நடக்கும். அதில் இடம் கிடைத்தால்தான் ஓவியனுக்குப் பெயர், பிழைப்பு எல்லாம். புராணக் காட்சியும் சரித்திரக் காட்சியும் வழவழவென்று, தூரிகை பட்ட தடமே தெரியாமல் இருக்க வேண்டும். மோனே, ரெனுவார், பிஸாரோ போன்றவர்களின் படங்களை நடுவர்கள் பல தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் இவர்களும் டேகா, பெர்த் மோரிஸோ என்ற பெண்மணி முதலான சுமார் முப்பது பேரும் சேர்ந்து, 1874 ஏப்ரல் 15 அன்று, நாதார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் தாங்களே கண்காட்சி வைத்தார்கள்.

அங்கே மோனே வைத்த ஒரு படம்: ல ஹாவ்ர் துறைமுகம், மூடுபனி, ஆரஞ்சு வட்டமாகச் சூரியன், தீற்றல் தீற்றலாகப் படகுகள். பெயர் 'இம்ப்ரஷன், சூரியோதயம்'. லூயி லெரூவா என்ற விமர்சகர், அரைகுறையாக நிற்கும் சுவர்க் காகிதம்கூட இதைவிட முடிந்த வேலை என்று பரிகாசம் செய்து, எல்லோரையும் 'இம்ப்ரஷனிஸ்டுகள்' என்றார். அந்தப் பரிகாசமே பெயராக நிலைத்தது. 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடத்தினார்கள்.

அவர்கள் செய்த மாறுதல்தான் என்ன? முதலாவது, வெளியே போய் வரைந்தார்கள். 1841-ல் ஜான் ரேண்ட் என்ற அமெரிக்கர் தகர டியூபில் வண்ணம் அடைக்க வழி கண்டிருந்தார். அதனால் வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போக முடிந்தது. இரண்டாவது, வண்ணங்களை அதிகம் குழைக்காமல் சின்னச் சின்னத் தீற்றலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் கண்ணே அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். மூன்றாவது, நிழல் கறுப்பு இல்லை என்றார்கள். சந்தேகம் இருந்தால், மொட்டை மாடியில் உலரும் வெள்ளை வேஷ்டியின் மடிப்பைப் பாருங்கள். வெயில் நாளில் அந்த நிழலில் வானத்தின் நீலம் இருக்கும்.

மோனே 1890-91-ல் வைக்கோற்போரையே சுமார் இருபத்தைந்து தடவை வரைந்தார். பிறகு ரூவான் நகரத்து மாதா கோயிலின் முகப்பை முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். நம் கோவிந்தராஜ ஸ்வாமி கோயில் கோபுரத்தைக் காலை, மத்தியானம், அந்தி என்று ஒருவர் முப்பது தடவை வரைந்தால் எப்படியோ, அப்படி. வித்வான் ஒருவர் கல்யாணியை நேற்றும் பாடினார், இன்றும் பாடுகிறார், அலுக்கிறதா? அதே ரசனைதான் இதுவும்.

இதற்கு நேர் எதிரான கலை நம் பக்கத்திலேயே, ஸ்ரீகாளஹஸ்தியில் இருக்கிறது. கலம்காரியில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பால், மூங்கில் எழுதுகோல் கொண்டு முதலில் கோடு போடுவார்கள். நிறம் அப்புறம்தான். மோனே கோட்டையும் விட்டார், கறுப்பையும் ஒதுக்கினார். எது உசத்தி என்ற கேள்வியே இல்லை. என்றும் உள்ள ராமனை எழுத அந்தக் கோடு வேண்டும். ஒரு நிமிஷத்தில் மறைந்துபோகும் வெளிச்சத்தைப் பிடிக்க மோனேயின் தீற்றல் வேண்டும்.

இந்தப் புதுப் பார்வை நம் தென்னாட்டுக்கும் வந்தது. 1850-ல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைவரானார். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்தித் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பிறகு 1936-ல், இருபத்தைந்து வயதில், ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். கேரளத்து வயலையும் தண்ணீரையும் தென்னையையும் வெளிச்சத்தோடு பிடித்த நீர்வண்ணப் படங்கள்தான் அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தன. பின்னால் அவருடைய பாணி அடியோடு மாறியது. அதே பள்ளிக்கு 1957-ல் முதல்வரானார். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்.

இருபத்தைந்து வயதில் அவர் அப்படி ஒரு முடிவு எடுத்தபோது வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடியும். ஏனென்றால் அதே பேச்சு நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. ஏழாம் வகுப்பு வரை குழந்தை வரைவதைப் பார்த்துப் பூரித்துப் போகிறோம். எட்டாம் வகுப்பில் கோச்சிங் ஆரம்பித்ததும் வண்ணப் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. எல்லாக் குழந்தையும் ஓவியராக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரோ என்ஜினீயரோ ஆகட்டும், சந்தோஷம். ஆனால் நிதானமாகப் பார்ப்பது என்பது ஒரு வித்தை. அது டாக்டருக்கும் வேண்டும், என்ஜினீயருக்கும் வேண்டும். பழகாவிட்டால் போய்விடும்.

ஆகவே ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் குழந்தையிடம் வண்ணப் பெட்டியைக் கொடுத்து மாடிக்கு அனுப்புங்கள். மலையை ஊதாவாக வரைந்துகொண்டு வந்தால், "மலை பச்சைதானே?" என்று திருத்தாதீர்கள். நீங்களும் ஒரு தடவை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.