வெளி அளவைப் பார்த்தாயா?

எனக்குக் கோப்பெங். மலைத் தண்ணீரைப் பெரிய இரும்புக் குழாயில் இறக்கி, சிறுத்த முனை வழியாகப் பீய்ச்சி, மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்த ஊர். 1985-இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் மூடும்வரை, என் அப்பா குழாய் பழுதுபார்த்தவர்.

போன வருஷம் என் மகன் கணினிக்குத் தண்ணீர்க் குளிரூட்டி பொருத்தினான். குழாய் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13 மில்லிமீட்டர். இணைப்பியோ 10/16. "இறுக்கினால் பிடிக்கும்" என்றார்களாம் கடையில். நள்ளிரவில் கசிந்து கிராஃபிக்ஸ் கார்டு போயிற்று. இரண்டு மாதச் சம்பளம், ஐயா!

அப்பா கேட்டார்: "உள் அளவு பார்த்தாய் தம்பி, வெளி அளவைப் பார்த்தாயா?"

உள் அளவு தண்ணீர் ஓட, வெளி அளவு வளையம் பிடிக்க. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பெரிய குழாய் போட்டால் ரொம்பக் குளிரும் என்பதையும் நம்பாதீர்கள். வித்தியாசம் ஒரு டிகிரிகூட வருவது அபூர்வம். தண்ணீரை அதிகம் தடுப்பது குளிரூட்டும் கட்டையின் நுண்ணிய சந்துகள்தான். சுவர் மெலிந்த குழாயை நெருக்கி வளைத்தால் மடங்கி அடைத்துக்கொள்ளும், அது வேறு தொல்லை.

இப்போது மறுபடி பொருத்தியிருக்கிறான். பம்பு மட்டும் 24 மணி நேரம் ஓடுகிறது, கணினிக்கு மின்சாரம் இல்லை. இணைப்புகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர். அப்பா மணிக்கொருதரம் எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்கிறார்.