படகு விளக்கும் வயர்லெஸ் பெட்டியும்



போன மாதம் நம் மையத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. டிரான்சிஸ்டரில் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தோம். இருட்டியது. புதிதாக வாங்கிய எல்.இ.டி. விளக்கைப் போட்டேன். உடனே ரேடியோவில் 'கர்ர்' என்று ஒரே இரைச்சல். "ரேடியோ கெட்டுப்போச்சு தம்பி" என்றார் ஒரு தாத்தா. விளக்கை அணைத்தேன். அறிக்கை மறுபடியும் தெளிவாகக் கேட்டது. ரேடியோ கெடவில்லை. கெடுத்தது விளக்கு!

வீட்டில் இது வேடிக்கை. கடலில் அப்படி இல்லை.

ஜங்லிகாட் துறைமுகத்தில் பாருங்கள். படகுகளிலும் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. பேட்டரி குறைவாகச் செலவாகிறது. நல்லதுதான். (வெளிச்சம் போட்டு மீனைக் கூட்டிப் பிடிப்பதற்கு 2017 முதல் தடை உண்டு. நான் சொல்வது அந்த விளக்கை அல்ல. கம்பத்திலும் அறையிலும் எரியும் சின்ன விளக்கை.)

இந்த விளக்குக்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கிறது. அது மின்சாரத்தை ஒரு விநாடியில் பல ஆயிரம் தடவை நிறுத்தி நிறுத்தி விடுகிறது. அப்போது ரேடியோ அலைகளும் கிளம்புகின்றன. விளக்கின் வயர் ஏரியல் போல அவற்றைப் பரப்புகிறது. இதைத் தடுக்க விளக்குக்குள் கம்பிச் சுருளும் கெபாசிட்டரும் வைக்க வேண்டும். மலிவு விளக்கில் பல சமயம் அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள்.

2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஓர் எச்சரிக்கை விட்டது. ஒரு கப்பலை மீட்பு மையம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டது. தொடர்பு கிடைக்கவில்லை. ஏரியல் பக்கத்தில் எல்.இ.டி. விளக்கு வைத்தால் இப்படி ஆகலாம் என்று அந்த எச்சரிக்கை சொன்னது.

இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? நமக்குத் தெரியாமலே நடப்பதுதான். வி.எச்.எஃப். செட்டில் 'ஸ்குவெல்ச்' என்று ஒரு குமிழ் இருக்கும். இரைச்சல் வந்தால் அதைத் திருப்பி அடக்குகிறோம். செட் அமைதியாகிவிடும். ஆனால் தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலையும் அது சேர்த்து அடக்கிவிடும். 16-ஆம் சேனலில் யாரோ ஆபத்து என்று கத்துவார்கள். யாரும் கூப்பிடவில்லை என்று நாம் இருப்போம்.

அந்த எச்சரிக்கையிலேயே ஒரு சோதனையும் சொல்லியிருக்கிறார்கள். காசு செலவில்லை. படகு கரையில் நிற்கும்போது செய்யுங்கள். எல்.இ.டி. விளக்குகளை எல்லாம் அணையுங்கள். செட்டை யாரும் பேசாத சேனலில் வையுங்கள். ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் கேட்கும் வரை திருப்புங்கள். பிறகு மெதுவாக மறுபக்கம் திருப்புங்கள். இரைச்சல் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பி வந்தால் விளக்குதான் காரணம். எந்த விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

அகப்பட்ட விளக்கை ஏரியலை விட்டுத் தள்ளி வையுங்கள். அதிலும் தீரவில்லையா? மாற்றிவிடுங்கள்.

கருவிகளைச் சோதிக்கப் பெரிய கூடங்களும் உண்டு. சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. இதற்கென்றே தனி அறை கட்டுவார்கள். சுற்றிலும் உலோகத் தகடு. வெளி அலை உள்ளே வராது. சுவரெல்லாம் கூர்கூராகப் பஞ்சு போன்ற பொருள். அது அலைகளை உறிஞ்சிவிடும். நடுவில் சுழலும் மேசை. அதன்மேல் கருவியை வைத்துச் சுற்றிவிட்டு, சில மீட்டர் தள்ளி ஏரியலை நிறுத்தி அளப்பார்கள். பிறகு கருவியின் மீதே பலமான ரேடியோ அலையை அடித்தும் பார்ப்பார்கள். அது மற்றதைக் கெடுக்கவும் கூடாது, மற்றதால் கெடவும் கூடாது. இரண்டிலும் தேற வேண்டும்.

நம்மிடம் அந்த அறை இல்லை. செட்டும் குமிழும் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை படகுத்துறையில் இதைச் செய்து பார்ப்போம். விளக்கு வாங்கியவர்கள் கையோடு எடுத்து வாருங்கள். அந்த வானிலை தாத்தாதான் குமிழைத் திருப்பப் போகிறார்.